டீக்கடை அரசியலின் ஒலியளவு: ஓர் அகதியின் கள ஆய்வு

ஆய்வுக் களம், செங்கல்பட்டில் ஒரு டீக்கடை. கருவிகள், ஒரு மரப்பெஞ்சும் இரண்டு காதுகளும். காலம், 1990 முதல் இன்றுவரை, கடை லீவு விட்ட நாட்கள் நீங்கலாக.

முதலில் கலைச்சொல். யாழ்ப்பாணத்தில் அரசியல் கதைப்போம், இங்கே பேசுகிறார்கள். வந்த புதிதில், "வாங்கோ, அரசியல் கதைப்பம்" என்றேன். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "இவங்க எல்லாரும் கதைதான் விட்டுக்கினு இருக்காங்க" என்றார். இவ்வூரில் கதை விடப்படும் பொருள் என்று குறித்துக்கொண்டேன்.

கடைச் சுவரில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று ஒரு பலகை. அதற்கு நேர் கீழேயுள்ள பெஞ்சில்தான் பேச்சு அதிகம். சலூன்களிலும் அப்படியே. ஆகவே அது தடை அறிவிப்பு அன்று, இடம் காட்டும் பலகை என்பது என் துணிபு.

சின்னத்தில் நான் வழுக்கி விழுந்ததையும் பதிவு செய்ய வேண்டும். 1977-இல் எங்களுக்கு உதயசூரியன் என்றால் தமிழர் விடுதலைக் கூட்டணி. அந்தச் சின்னத்தில் 18 இடங்களை வென்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அதே ஆண்டு தமிழ்நாட்டில் உதயசூரியன் தோற்று, இரட்டை இலை ஆட்சிக்கு வந்திருக்கிறது. இது தெரியாமல், "நாங்களும் சூரியன்தான்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை என் டீக்குக் காசு கொடுத்துவந்த ஒருவர், அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

பேசுபொருளும் வேறு. எங்கள் ஊர்க் கிழவர்கள் 1957-இன் பண்டா–செல்வா ஒப்பந்தத்தையும் 1965-இன் டட்லி–செல்வா ஒப்பந்தத்தையும் நேற்றுக் கையெழுத்தானவை போலப் பிரித்து மேய்வார்கள். இங்கே எல்லாம் கூட்டணிக் கணக்கு. சிகரெட் அட்டையின் பின்புறத்தில் இவருக்கு இத்தனை சதவீதம், அவருக்கு இத்தனை என்று கூட்டுவார்கள். கூட்டுத்தொகை நூறில் நின்று நான் பார்த்ததில்லை.

இனி ஒலியளவு. எண்பதுகளில் எங்கள் வீட்டில் முதலில் படலையைச் சாத்திவிட்டுக் கதைத்தோம். பிறகு றேடியோவைக் கூட்டி வைத்துவிட்டுக் கதைத்தோம். பிறகு றேடியோவை மட்டும் கேட்டோம். அந்தக் காதுகளோடு வந்தவன் நான். முதல் வாரமே ஒருவர் முதலமைச்சரைப் பெயர் சொல்லி, அவன் இவன் என்று கடை அதிரத் திட்டினார். பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒரு கான்ஸ்டபிள் வடை தின்றுகொண்டிருந்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். கான்ஸ்டபிள் கையைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்றது பாதிதான்பா, மீதிய நான் சொல்றேன் கேளு" என்றார், அவரைவிட உரக்க.

மாமல்லபுரத்துக் குப்பங்களில் கடற்காற்றை மீற வேண்டியிருப்பதால் ஒலி இன்னும் கூடும். 2019 அக்டோபர் 11-இல் பிரதமர் மோடி வேட்டி கட்டி வந்து, சீன அதிபர் ஷி ஜின்பிங்கோடு வெண்ணெய் உருண்டைப் பாறை முன் கைகோத்து நின்றாரல்லவா? எல்லைப் பிரச்சினை பற்றிக் குப்பத்தார் கருத்தை அறிய அடுத்த வாரமே போனேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருந்தார்கள்: வேட்டி பெல்ட் போட்டுக் கட்டியதா, வெறும் முடிச்சா? முக்கால் மணி நேரம். சீனா வரவேயில்லை.

ஒவ்வொரு தேர்தலிலும், "சிலோன்கார அண்ணே, உங்க ஓட்டு யாருக்கு?" என்பார்கள். அகதிக்கு ஓட்டு இல்லை என்பேன். உடனே எம்.ஜி.ஆரை இழுப்பார்கள். அவர் பிறந்தது இலங்கை நாவலப்பிட்டியில். முதலில் ஜெயித்தது 1967-இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பரங்கிமலையில். பின்னாளில் சில காலம் மாவட்டமே செங்கை எம்.ஜி.ஆர். ஆனது. தரவுகள் சரி, எனக்குத்தான் பொருந்தவில்லை.

"ஓட்டு கெடக்கட்டும், கொஞ்சம் சத்தமா பேசுங்கண்ணே" என்கிறார் மாஸ்டர். முப்பது வருடத்துக்கு மேலாகியும் நான் பேசுவது அடுத்த பெஞ்சுக்குக் கேட்பதில்லை.