அப்பம்மாவைப் படம்பிடிக்க வந்த பேரனுக்கு

வா மோனை, இரு. உந்தக் கதிரையில இராதை, அதுக்கு ஒரு கால் ஆட்டம். கட்டில்ல இரு.

உன்ர அப்பம்மாவைப் படம்பிடிக்கவெண்டு ஸ்காபரோவில இருந்து உவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். "வன்னிப் பாட்டியின் எளிமையான வாழ்க்கை" எண்டு தலைப்பும் வைச்சிட்டியாம். நல்லது. எளிமை எண்டு உனக்கு ஆர் சொன்னது? விடிய முதல் எழும்பி, மாட்டில பால் எடுத்து, முத்தம் கூட்டி, அடுப்பு மூட்டி, பூசைக்கும் போய் வந்து, களை பிடுங்க வயலுக்கு இறங்கிறது எளிமையே? பொத்தானை அமத்தக் கோப்பி ஊத்துப்படுதே உங்கட வீட்டில, அதெல்லே எளிமை!

தியானத்துக்கு ஒரு ஆப் மாசக் காசு கட்டி வைச்சிருக்கிறன், மணி அடிச்சு மூச்சை இழு, விடு எண்டு சொல்லும் எண்டாய். எனக்குச் சிரிப்பு வந்து வெத்திலை புரைக்கேறிப் போச்சு. மூச்சு விடவும் ஆள் வைச்சிருக்கிறியளோ?

அப்பம்மாவிட்டக் கிடக்கிறது ஒரு செபமாலை. அதில 53 அருள்நிறை மரியே. அவவுக்கு மணிக்கூடும் அதுதான். ரெண்டு பத்து முடிய நீத்துப்பெட்டி இறங்கும். நெல்லு அவிக்கிறதெண்டால் முழுச் செபமாலையும் வேணும். நேற்று வடிவாப் பாத்தியோ? மூண்டாம் பத்து நடக்கேக்க, காயப்போட்ட நெல்லுக்குள்ள கோழி இறங்கிச்சுது. "சூ! நாசமாப் போவாய்!" எண்டு ஒரு சத்தம். விரல் மணியை விட்டு எழும்பேல்லை. கோழி ஓடினதும் விட்ட இடத்திலயே திரும்பவும் அருள்நிறை மரியே. அதை நீ படம்பிடிக்கேல்லை. வெளிச்சம் சரியில்லையாம்!

பக்தி எண்டால் ஏமாளித்தனம் எண்டு நினைச்சிடாதை. செவ்வாய்க்கிழமையில அந்தோனியார் நவநாள். காணாமல் போற சாமானுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. எங்கட சிவப்பி மாடு கயிறறுத்துக்கொண்டு போன அண்டு, பத்து மெழுகுதிரி எண்டு நேர்ந்தவ. பொழுதுபட மாடு தானே வந்து படலையில நிண்டுது. "தானா வந்த மாட்டுக்கு அஞ்சு காணும் அந்தோனியாரே" எண்டு அப்பவே பேரத்தை முடிச்சுப் போட்டா. உவவுக்கே நீ சிக்கனம் படிப்பிக்கப் போறாய்?

பதினாறு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தாய் எண்டு ஊருக்கெல்லாம் அறிவிச்சியாம். எங்கட தபசுகாலம் நாப்பது நாள் மோனை. அது அரிவு வெட்டோட வந்து மோதும். ஒருசந்தி இருந்துகொண்டுதான் வெட்டுக்காரருக்குச் சோறு காவினவ. ஆருக்கும் அறிவிச்சதில்லை. அறிவிச்சால் புண்ணியம் குறையுமாம்.

பேந்து உந்த 'ஓகானிக்' கதை. புட்டைப் பாத்துக் கண்கலங்கினியே! 2021இல கொழும்பில இருந்தவைக்கும் உதே கனவுதான் வந்தது. இரவோட இரவா யூரியாவை மறிச்சுப் போட்டினம். கூட்டெரு போடப் பழக்கவெண்டு கூட்டம் வைச்சினம், சுவரில படமும் காட்டினம். அப்பம்மா பின்வரிசையில இருந்து எழும்பினா. "தம்பி, ரெண்டு ஏக்கருக்கு எத்தினை மாட்டுச் சாணி வேணும்? அந்த மாடுகள் ஆற்ற காணியில மேயிறது?" வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போயிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமே? நவம்பரில தடையை எடுத்தினம். அதுக்குள்ள காலபோகம் விதைச்சாச்சு. பயிர் மஞ்சளடிச்சு நிண்டுது. சாணியில அவவுக்கு வெறுப்பில்லை, கோடிப்புறத்துக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதுதான் எரு. வயல் வேற, கோடி வேற எண்டு தெரிஞ்சவ, அவ்வளவுதான்.

இனி உனக்கொரு பகிடி சொல்லுறன். அண்டைக்கு ஒரு பிள்ளை படிவத்தோட வந்தது. நல்ல பிள்ளை, தேத்தண்ணி குடிச்சது. "அம்மா என்ன தொழில்?" எண்டு கேட்டுது. நான் 'கமம்' எண்டு வாய் திறக்க முதல் உவவே முந்திக்கொண்டு "ஒண்டுமில்லைப் பிள்ளை, வீட்டிலதான்" எண்டிட்டா. பிள்ளையும் அப்பிடியே எழுதிச்சுது. அப்ப இவ்வளவு காலமும் களை பிடுங்கினது ஆர், சம்மனசுகளோ? விதைநெல்லைக் காயவைச்சு, பதர் புடைச்சு, எலிக்கு எட்டாமல் கட்டித் தூக்கினது ஆர்? தொகைமதிப்புத் திணைக்களம் உப்பிடியான ஆக்களைத் தனியா ஒரு வரிசையில போட்டு எண்ணும்: குடும்பத் தொழிலில சம்பளமில்லாமல் உழைக்கிறவை. அந்த வரிசையில கனக்கப் பேர் பொம்பிளையள்தான். எண்ணினதோட திணைக்களத்துக்கு வேலை முடிஞ்சுது.

காணிக் கதை இன்னும் விசேசம். எங்கட உருத்திரபுரத்தில எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் எண்டு இடங்களுக்கு வாய்க்கால் நம்பர்தானே பேர். இரணைமடுத் தண்ணியை நம்பிக் காடு வெட்டிக் குடியேறின ஆக்கள் நாங்கள். காணி அரசாங்கப் பெர்மிட். வெள்ளைக்காரன் 1935இல போட்ட காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பெர்மிட்காரன் பின்னுரித்து எழுதாமல் கண்ணை மூடினால், மனுசி சீவியகாலம் இருந்து செய்யலாம். மறுகலியாணம் கட்டினாவோ, அதுவும் போச்சு! அதுக்குப் பிறகு பிள்ளையள், அதிலயும் அப்ப ஆம்பிளைப்பிள்ளையள் முன்னுக்கு. நான் செத்தால் உன்ர அப்பம்மா மாப்பிள்ளை தேடுவாவோ எண்டு எனக்கில்லாத கவலை அரசாங்கத்துக்கு! ஆணுக்கு முதலிடம் எண்ட பிரிவை 2022இலதான் எடுத்தவை. எண்பத்தேழு வருசம். மெதுவாத்தான் யோசிச்சிருக்கினம்.

சண்டை முடிஞ்ச பிறகு வலுவூட்டல் பயிற்சி எண்டு வாகனம் வாகனமா வந்தினம். பார்சல் சாப்பாடு நல்லம், பொய் சொல்லக்கூடாது. அப்பம்மாவும் போனவ. "என்னப்பா, வலு வந்ததோ?" எண்டு கேட்டன். "எல்லாரும் போயிட்டினம், நான்தான் கதிரையளை அடுக்கி வைச்சிட்டு வாறன்" எண்டா.

உன்ர படத்துக்குக் கொஞ்சம் சோகமும் வேணுமெண்டு அவவைக் கேட்டியாம். "அந்த நேரத்தை நினைச்சு ஒருக்கா அழுங்கோ அப்பம்மா" எண்டு. அவ அடுக்களைக்குள்ள போயிட்டா. இனிக் கேக்காதை. வேணுமெண்டால் மடு மாதாவின்ர கதை கேள், விடிய விடியச் சொல்லுவா. ஒல்லாந்தர் வேதக்காரரைத் துரத்த, 1670இல மாந்தையில இருந்து சனம் மாதாவையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள வந்தது. 2008 சித்திரையில செல்லடிக்குள்ள மாதாவைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்கு ஓடவேண்டி வந்தது. ஆவணியில மடுவுக்குத் திரும்பி வந்தா. "மாதாவே ரெண்டு தரம் இடம்பெயர்ந்தவ, நாங்கள் எம்மாத்திரம்?" எண்டு 2009இல அவ சொன்னதை நான் என்ர காதால கேட்டனான். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில, தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்துகொண்டு. அங்க வரேக்க அவவின்ர பொலித்தீன் பையில இருந்தது காணிப் பெர்மிட், செபமாலை, ஒரு சீலைத்துண்டில முடிஞ்ச பயத்தங்கொட்டை. நகையைப் பற்றி நான் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை. தண்ணி வரிசையில நிண்டு செபமாலை சொன்னவ. வரிசை நீளம், கனக்கச் செபம் முடிஞ்சுது. தறப்பாளுக்குப் பக்கத்தில பயத்தை முளைச்சு, பக்கத்துக் கொட்டில் பிள்ளையள் கேட்டுக்கேட்டுப் பிடுங்கிச்சுதுகள்.

மடுவெண்டால் அவவுக்குப் பயித்தியம்தான். ஆடித் திருநாள், ஆவணித் திருநாள், ரெண்டுக்கும் உழவுமெசின் பெட்டியில சட்டி பானையோட ஏறிடுவா. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 தை 14 மடுவுக்கு வந்தவர், பொங்கலுக்கு முதல்நாள். போயிட்டு இரவிரவா வந்து, விடிய முத்தத்தில பானை வைச்சா. வேதக்காரர் பொங்கிறதோ எண்டு முழிக்காதை. வேதக்காரரின்ர வயலுக்கும் உதே சூரியன்தானே எறிக்குது? "பாப்பரசரைக் கண்டியோ?" எண்டன். "தொப்பியைக் கண்டன்" எண்டா. "முழு ஆளும் முன்வரிசையில இருந்த பெரிய மனுசருக்காம்."

உன்ர ஆட்களின்ர படிப்பில உவவுக்கு என்ன பேர் வைப்பினம்? ஒடுக்கப்பட்டவவோ, வீரப்பெண்ணோ? ஒடுக்கப்பட்டவ எண்டு அவவிட்டச் சொல்லிப் பார், அகப்பைக்காம்பு எங்க கிடக்கெண்டு உனக்குத் தெரியவரும். வீரப்பெண் எண்டாலும் அதே காம்புதான். இந்த வீட்டில உப்பு முடிஞ்சால் எனக்குத் தெரியாது. உன்ர கொப்பற்ற பிறந்தநாள் எனக்குத் தெரியாது. பாங்குப் புத்தகம் எந்தப் பெட்டிக்குள்ள எண்டதும் தெரியாது. காணி மட்டும் என்ர பேரில! இப்ப நீயே சொல்லு, ஆர் ஆரை வைச்சுப் பாக்கிறது?

சரி, போனை மடக்கிப் பொக்கெற்றுக்குள்ள வை. ஆட்டுக்குக் குழை முறிக்கவேணும், சத்தகம் கூரையில சொருகிக் கிடக்கு. நாளைக்கு ஆறு மணிப் பூசை. கிழிஞ்ச சீன்ஸோட வெளிக்கிட்டு நிக்காதை. போனமுறை உன்ர சித்தப்பன்ர பெடியன் அப்பிடி நிக்க, பின்னேரம் சுவாமியார் வந்திருந்த நேரம், ஊசி நூலோட வந்து அவரின்ர கண்ணுக்கு முன்னால முழங்காலில வைச்சுத் தைச்சவ. காலோட சேத்துத் தைக்காமல் விட்டது அந்தோனியாரின்ர புண்ணியம். அதுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினவ, காசு அவன்ர.