மோட்டாருக்கு ஊதுபத்தி

எங்கள் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பூமி. மழையைக் கேரளம் வாங்கிக்கொள்ளும்; பாலக்காட்டுக் கணவாய் வழியாக அவிநாசிபாளையத்துக்கு வந்து சேர்வது காற்று மட்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீரையும் நாலு மண்டலமாகப் பிரித்து, முறைபோட்டுத்தான் விடுவார்கள். இந்த ஊரில் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் கட்ட ஒருவனுக்குத் தோன்ற வேண்டுமானால், அவன் பனியன் கம்பெனி வைத்திருக்க வேண்டும், அல்லது துபாய் போய்வந்திருக்க வேண்டும். என் மைத்துனன் இரண்டும் செய்தவன்.

குளம் 20 அடிக்கு 10 அடி, ஆழம் 4 அடி. கணக்குப் போட்டால் 22,600 லிட்டர் சொச்சம். 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு. லாரி வந்து நின்ற அன்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலியோரம் வந்து, "தென்னைக்குங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, குழந்தைக குதிக்கறதுக்கு" என்றான் மைத்துனன். பெரியவர் கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் தன் தென்னைகளைப் பார்த்தார், போய்விட்டார்.

இங்கே ஸ்கிம்மர் என்கிற ஆசாமியை அறிமுகப்படுத்தியாக வேண்டும். குளத்துச் சுவரில், தண்ணீர் மட்டத்தில், சதுரமாக வாயைத் திறந்துகொண்டிருக்கும் பெட்டி அது. மிதக்கும் இலை, தூசி, பூச்சி எல்லாவற்றையும் மேல்தண்ணீரோடு சேர்த்து உள்ளே வாங்கிக்கொள்ளும். வாசலில் ஒரு மிதவைக் கதவு. மோட்டார் ஓடும்போது உள்பக்கம் சாய்ந்து குப்பைக்கு வழிவிடும். மோட்டார் நின்றதும் நிமிர்ந்து அடைத்துக்கொள்ளும். சாப்பிடாமல் யாரையும் வெளியே விடாத கல்யாண வீட்டு மாமாதான். உள்ளே ஒரு கூடை. அதைத் தாண்டிய தண்ணீர் பம்புக்குப் போய், மணல் ஃபில்டருக்குள் புகுந்து, சுத்தமாகித் திரும்பும். தண்ணீர் மட்டம் அந்த வாயின் நடுவில் நிற்க வேண்டும். கூடினால் குப்பை உள்ளே போகாது. குறைந்தால் ஸ்கிம்மர் காற்றையும் சேர்த்துக் குடிக்கும்; காற்றைக் குடித்த பம்பு தண்ணீரைத் தூக்காது.

ஆடிக் காற்று இதையெல்லாம் படித்துவிட்டு வந்ததுபோலவே வேலை செய்தது. குளத்துத் தண்ணீரை ஒருபக்கம் உறிஞ்சியது. வேப்பிலையை ஒருபக்கம் கொட்டியது. அதற்கு மேல் பஞ்சு. மைத்துனனின் நிட்டிங் செட்டு வீட்டை ஒட்டியே இருக்கிறது. நிட்டிங் மிஷின்மேல் பஞ்சு படியாமல் இருக்கத் தலைக்கு மேல் ஃபேன் சுற்றி ஊதிக்கொண்டே இருக்கும். அங்கே ஊதிய பஞ்செல்லாம் ஜன்னல் வழியே கிளம்பி, நேராகக் குளத்தில் இறங்கியது. பம்பின் முன்னால் இன்னொரு கூடை உண்டு. முடியையும் பஞ்சையும் பிடிப்பதுதான் அதன் வேலை என்கிறது பம்போடு வந்த புத்தகம். புத்தகம் எழுதியவர் திருப்பூர் ஜில்லாவைப் பார்த்ததில்லை. பஞ்சென்றால் அவர் நினைப்பில் குளியல் துண்டிலிருந்து உதிரும் நாலு இழை.

ஒரு காலையில் தண்ணீர் திரும்பி வரும் துளைகளில் குமிழ் குமிழாக வந்தது. மத்தியானம் குமிழும் இல்லை. மோட்டார் மட்டும் ஓடியது.

மோட்டார் மக்கர் செய்தால் எங்கள் ஊரில் ஆள் சேர்வதற்கு அழைப்பு வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியன், கெப்பாசிட்டர் என்றார். காயில் கட்டுகிறவர், காயில் என்றார். சாயப்பட்டறை வைத்திருக்கும் பங்காளி குளத்தில் விரலை விட்டுப் பார்த்து, பி.ஹெச். 8-ஐத் தாண்டிவிட்டது என்றார். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து அந்த மனிதர் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும், ரசமாகவே இருந்தாலும், முதலில் பி.ஹெச்.தான் சொல்வார். வாஸ்து பார்க்கிறவர், குளம் ஈசானியத்தில் இருப்பது சரி, மோட்டார்தான் இடம் மாற வேண்டும் என்றார். தண்ணீர் மட்டம் குறைந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அது கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் சொல்ல மதிப்பில்லை.

நான் சொன்னேன். ஓஸ் போட்டுத் தண்ணீர் விட்டு, கூடைகளைக் கழுவி, பம்பு மூடியைத் திறந்து, குடத்தில் மோந்து ஊற்றி ஓடவிட்டோம். கால்மணி நேரம் நன்றாக ஓடியது. மறுபடி குமிழ்.

"கம்பெனி ஆளைக் கூப்பிட்டுட்டேன் மச்சான்" என்றான் மைத்துனன். கம்பெனி ஆள் கிளம்பினார், வந்தார், அவிநாசிக்கு. அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு. நடுவில் திருப்பூரே உட்கார்ந்திருக்கிறது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட ஊர் அவிநாசி. எங்கள் ஸ்கிம்மர் விழுங்கிய தவளையையும் ரப்பர் பேண்டையும் கையை விட்டுத்தான் மீட்க வேண்டும். அந்த ஆள் கோயில் வாசலில் நின்று போன் செய்தார். நாளைக்கு வருகிறேன் என்று அங்கிருந்தே திரும்பிவிட்டார்.

பொழுதோடு பெரியவர் வந்தார். மோட்டார் சத்தம் வேலியைத் தாண்டித் தூக்கத்தைக் கெடுக்கிறதாம். குனிந்து காதைக் கொடுத்தார்.

"ஏர் வாங்குதுங்க."

"இது இத்தாலி மோட்டாருங்க" என்றான் மைத்துனன். நாட்டுக்கே பம்புசெட்டு செய்து அனுப்பும் கோயம்புத்தூர் பஸ் போகிற தூரத்தில் இருக்கும்போது, கப்பலில் வரவழைத்த பம்பு அது.

"எந்த ஊரா இருந்தா என்னுங்க, காத்து ஒண்ணுதானுங்களே."

காற்றின் எடைதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, அதிகபட்சம் 10 மீட்டர் சொச்சம் என்று 1643-இல் பாதரசக் குழாயை வைத்துக் காட்டியவர் தோரிச்செல்லி. அவரும் இத்தாலிக்காரர்தான். பெரியவர் அவரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கிணற்றில் தண்ணீர் 25 அடிக்குக் கீழே போனதும் மோட்டாரையே கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கித் திட்டில் உட்கார வைத்தவர். மோட்டார் ஓடும்போது உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"சாணியக் கரைச்சு ஒரு குடம் ஊத்துனா ஓட்டையப் புடிச்சுக்குங்க. எங்க கெணத்துல அப்படித்தான்."

மைத்துனனின் முகத்தைப் பார்த்து, "செரி, வேண்டாம்னா வுடுங்க" என்று பீடியை எடுத்தார். புகையை இணைப்புகளின் ஓரமாக விட்டுப் பார்க்க வேண்டுமாம், எங்கே உள்ளே இழுக்கிறதோ அங்கே ஓட்டை. வீட்டுக்குள்ளிருந்து, குழந்தைகள் இருக்கிற இடத்தில் பீடி ஆகாது என்று என் மைத்துனன் மனைவியின் குரல் வந்தது. கூடவே பூஜை அறையிலிருந்து ஊதுபத்திக் கட்டும் வந்தது.

மோட்டார் அறையை அடைத்துக் காற்றை நிறுத்தி, பெரியவர் ஊதுபத்தியைக் குழாய் நெடுகக் காட்டிக்கொண்டே போனார். வால்வு, யூனியன், எல்போ. புகை நேராக மேலே எழுந்தது. பம்பு மூடியின் விளிம்புக்கு வந்ததும் மெல்லிய கோடாக வளைந்து உள்ளே போயிற்று. அந்த நேரம் பார்த்துப் பால் ஊற்ற வந்தவர் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "மோட்டாருக்கு என்னங்க விசேஷம்?" என்றார்.

மூடியைக் கழற்றினோம். ரப்பர் வளையத்துக்குக் குறுக்கே ஒரு நூல் கிடந்தது. ஒரே ஒரு இழை. 22,600 லிட்டரை நிறுத்தி வைத்தது அதுதான். நான் அதைத் துடைத்து எறியப் போனேன். மைத்துனன் பிடுங்கி, வெளிச்சத்தில் நீட்டி, முறுக்கைப் பிரித்துப் பார்த்தான்.

"30-ஆம் நம்பர், கோம்டு. நம்ம நூல் இல்ல மச்சான். நாம இப்ப 34 ஓட்டறோம்."

வளையத்துக்கு வாஸ்லின் தடவக் கிளம்பிய டிரைவரைத் தடுத்து, சிலிக்கான் கிரீஸ் வாங்கி வரச் சொன்னேன். பெட்ரோலியத்தில் செய்தது பல ரப்பர்களை உப்ப வைத்துவிடும்.

ஆனால் பஞ்சு வந்துகொண்டேதான் இருந்தது. வெளிநாட்டில் ஸ்கிம்மர் கூடைக்கு மெல்லிய உறை மாட்டுகிறார்கள். உறைக்கா பஞ்சம்? மைத்துனன் முதலில் ரிஜெக்ட் ஆன டி-ஷர்ட்டின் கையை வெட்டி, அடியைத் தைத்து மாட்டினான். 180 ஜிஎஸ்எம் துணி. தண்ணீர் போக வழியில்லாமல் பம்பு கூழாங்கல்லை அரைக்கிற சத்தம் போட்டது. 140-ஐப் போட்டான், சத்தம் கொஞ்சம் குறைந்தது. கடைசியில் விளையாட்டு பனியனுக்கு வைக்கும் நெட் துணிதான் சரிவந்தது. அதற்கு ஓவர்லாக் அடித்து, வாயில் எலாஸ்டிக் வைத்து, சைஸ் லேபிள் வேறு வைத்தான். எம்.

மறுநாள் கம்பெனி ஆள் சரியான ஊருக்கே வந்துவிட்டார். ஓடுகிற மோட்டாரைப் பார்த்து ஏமாந்த மாதிரி நின்றவர், ஸ்கிம்மர் மூடியைத் திறந்தார். உறையை இழுத்துப் பார்த்தார், போட்டோ எடுத்தார்.

"இது எங்கீங்ணா வாங்குனீங்க? எங்களுக்கு நெறய பக்கம் தேவைப்படுதுங்ணா."

மைத்துனன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "எத்தன பீஸ் வேணும்? வெள்ளைன்னா இந்த வாரமே குடுக்கலாம். கலர்னா மினிமம் ஆயிரம். ஜிஎஸ்டி தனி."

டீ வந்தது. சத்தத்தில் ரேட் பேச முடியவில்லை என்று மோட்டாரை நிறுத்தச் சொன்னான்.