ஊர்காட்டி

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எந்த நண்பர் கூட்டத்தை எடுத்தாலும் அதில் ஊர்காட்டி ஒருவர் இருப்பார். வெளியூரில் வேலை பார்க்கும் பழைய கல்லூரித் தோழர்கள் நாலு பேர் "ஞாயிற்றுக்கிழமை வர்றோம்" என்று சொன்னால் போதும், ஆளே மாறிவிடுவார். தொழில் கோழித்தீவன வியாபாரமாக இருக்கலாம், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையாக இருக்கலாம். அன்று ஒரு நாள் மட்டும் அவர்தான் தொல்லியல் துறை. "வெடியால ஆறு மணிக்குக் கெளம்புனா பொழுதோட அஞ்சு ஊரும் ஒட்டுக்கா முடிச்சிரலாம் மாப்ளே" என்று முந்தின இரவே வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு வந்து விழும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, தாரமங்கலம், சேலம். வரைபடத்தில் பார்த்தால் நியாயமான திட்டம்தான். ஆனால் வரைபடம் போடுகிறவர்கள் டிபன் கடைகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆறு மணி, இரண்டாவது காபியில் ஒன்பதாகிவிடுகிறது.

முதலில் நாமக்கல் ஆஞ்சநேயர். பதினெட்டு அடி உயரம், தலைக்கு மேல் கூரை கிடையாது, எதிரே குன்றைக் குடைந்த கோயிலில் இருக்கும் நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். இதை ஊர்காட்டி சரியாகவே சொல்வார். 1,008 வடையில் மாலை சாத்துவதையும், அனுமன் ஜெயந்தி அன்று அது 1,00,008 ஆவதையும் சொல்வார். சிக்கல், வெயில் ஏறும்போதுதான். அவருடைய புள்ளிவிவரங்களுக்கு வெயில் ஆகாது, வீங்கிவிடும். பத்து மணிக்குப் பதினெட்டு அடியாக இருந்த ஆஞ்சநேயர், பதினொன்றரைக்குக் கோட்டைப் படியில் ஏறும்போது இருபத்திரண்டு அடி ஆகியிருப்பார்.

குன்று முழுவதும் ஒரே பாறை. உச்சியில் கோட்டை, இரு பக்கமும் குடைவரைகள். "எல்லாம் திப்பு சுல்தான் கட்டுனது." கோட்டையைக் கட்டியவர் யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு; பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கரின் பெயரும் அடிபடுகிறது. 1768இல் ஆங்கிலேயர் பிடித்ததும், அதே ஆண்டு ஹைதர் அலி மீட்டதும் பதிவில் உள்ளவை. இதையெல்லாம் சொன்னாலும் ஊர்காட்டி விட்டுக்கொடுக்க மாட்டார். "ஹைதர் யாரு? திப்புவோட அப்பன்தானே?" கணக்கு நேராகிவிட்டது. அடுத்தது சுரங்கப்பாதை: இங்கிருந்து சங்ககிரி வரைக்கும், குதிரையிலேயே போகலாமாம். தமிழ்நாட்டு ஊர்காட்டிகள் சொல்லும் சுரங்கப்பாதை எல்லாம் உண்மையாக இருந்தால் சென்னைக்கு மெட்ரோ ரயில் தோண்டியிருக்கவே வேண்டாம்.

அரங்கநாதர் குடைவரைக்கு வந்ததும் மனிதர் கொஞ்சம் தணிகிறார். எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைந்தது. பெருமாள் பள்ளிகொண்டிருப்பது வழக்கமான ஆதிசேஷன் மேல் இல்லை, கார்க்கோடகன் மேல். "பாம்போட மூஞ்சியப் பாரு, சிங்கமாட்ட இருக்குதா?" என்று அவர் கை காட்டும்போது எல்லோரும் உண்மையாகவே குனிந்து பார்க்கிறார்கள். கையோடு, கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கிளம்பும் முன் நாமகிரித் தாயார் சந்நிதிக்கு வந்து கோயிலிலேயே படுத்திருந்த கதையும் வரும். அது வாழ்க்கை வரலாற்றில் உள்ளதுதான். ஆனால் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படுத்தார் என்பது ஊர்காட்டிக்கு மட்டுமே தெரியும்.

கூட்டத்தில் வெளிநாடு போய்வந்தவர் ஒருவர் இருக்கத்தானே செய்வார். "எடின்பரோவிலும் இப்படித்தான், ஊர் நடுவுல பாறை, பாறை மேல கோட்டை. 1861லிருந்து ஞாயிறு தவிர தினமும் மதியம் ஒரு மணிக்கு பீரங்கி வெடிக்கிறாங்க. கப்பல்காரங்க கடிகாரத்தைச் சரிபண்ணிக்க ஆரம்பிச்சது" என்கிறார். ஊர்காட்டி ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. "பீரங்கி வெடிச்சா அந்த ஊருக்குத்தான் கேக்கும். எங்கூர்ல முட்டை வெல சொன்னா கேரளா முழுக்கக் கேக்கும்."

திருச்செங்கோட்டு மலைக்கு மேலே வரைக்கும் கார் போகும். ஆனாலும் எடின்பரோக்காரர் படிவழியாகத்தான் ஏறுவேன் என்று அடம்பிடிக்கிறார். பாறையில் செதுக்கிய பெரிய நாகத்துக்குக் குங்குமம் அப்பியிருக்கிறார்கள். இன்னும் ஏறினால் சத்தியப்படி வருகிறது. அறுபதாம் படி என்றால் கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொடுக்கல் வாங்கல் வழக்குகளைச் சத்தியம் செய்து முடித்துக்கொள்ளும் இடம். இங்கே பொய் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவர் இல்லை என்பது நம்பிக்கை. நண்பர் அங்கே நின்றுகொண்டு சாதாரணமாகக் கேட்கிறார்: "மாப்ளே, ஆஞ்சநேயர் எத்தனை அடின்னு சொன்ன?"

ஊர்காட்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். "பதினெட்டுங்க."

காலையிலிருந்து மாப்ளே, வாடா, போடா என்றிருந்த வாயில் அந்த 'ங்க' வந்தது அந்தப் படியில்தான்.

சங்ககிரியை கார் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி. 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை அது. ஆடிப் பதினெட்டு அன்று அவர் நினைவாகக் கூட்டம் கூடும். இதற்காவது இறங்கி ஏறியிருக்க வேண்டும். ஆனால் மதியச் சாப்பாட்டில் இரண்டு மணி நேரம் போய்விட்டது, நாட்டுக்கோழி வேகத் தாமதம். "அதோ தெரியுது பாருங்க" என்று ஒரு விரலை நீட்டி மூன்றாவது ஊரையும் முடித்துவிடுகிறார்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் அவருடைய திறமை முழுதாக வெளிப்படுகிறது. கெட்டி முதலிகள் காலத்து மண்டபம். ராமன் மறைந்து நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணிலிருந்து ராமன் தெரிய மாட்டான். ஊர்காட்டி இதை வாயால் சொல்வதோடு விடுவதில்லை. ஆளுக்கொரு தூணாக நிறுத்திவைக்கிறார். "நீ ராமன். நீ வாலி. தெரியுதா?" "தெரியுது." "உனக்கு?" "தெரியல." "நல்லா எட்டிப் பாரு!" "தெரியலடா!" பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒருவர் முறைக்கிறார். எடின்பரோக்காரர் மட்டும் இரண்டு தூணுக்கும் நடுவே போய்ப் போய் வருகிறார், போனை எடுக்கவே மறந்து. கல்வெட்டு ஆண்டை ஒழுங்காகச் சொல்லும் வழிகாட்டி இப்படி ஓடவிட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

சேலம் வரும்போது இருட்டிவிடுகிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவின் முன்னால் ஒரு படம். தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. இப்போது நுழைய வாசல் மட்டும் இருக்கிறது, உள்ளே போக ஸ்டுடியோ இல்லை. பிறகு தட்டுவடை செட், பீட்ரூட் துருவலும் காரச் சட்னியுமாக, ஆளுக்கு இரண்டு.

சேலம் ஜங்ஷனில் அவர் டிக்கியைத் திறக்கிறார். ஆளுக்கொரு ட்ரே முட்டை. மறுத்தால் கோபித்துக்கொள்வார் என்று எல்லோருக்கும் தெரியும். மேல் பர்த்தில் முப்பது முட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு புரளாமல் படுப்பது எப்படி என்று எந்தப் பயணக் கையேட்டிலும் இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு, அரக்கோணம் தாண்டும்போது போன் அடிக்கிறது.

"ஒடையாமப் போயிருச்சா? சரி, அடுத்த தடவ கொல்லிமலை மாப்ளே. எழுவது கொண்டை ஊசி வளைவு. வெடியால ஆறு மணிக்குக் கெளம்புறோம்."