வெள்ளிக் குரங்கு விரலைப் பிரிக்கும்

வா தம்பி, உக்காரு. கண்ணு ரெண்டும் செம்பனைப் பழம் மாதிரி செவந்து கெடக்குதே, ராத்திரி பூரா எங்க திருவிழா? வீடு விக்கிறியா? வாங்கவும் செய்யிறியா? ஒரே மாசத்துலயா? சரிதான். ஒரே பந்தல்ல பொண்ணைக் கட்டிக் குடுத்து, மருமகளையும் கூட்டியார்றவன் எப்பத் தூங்குவான்?

எதுக்க வயலைப் பாரு, அறுப்பு மிஷின் ஓடுது. செகிஞ்சான்ல வருஷத்துக்கு ரெண்டு போகம். அந்த நெல்லு ஆலைக்குப் போனதும், ஈரம் இருக்கு, பதரு இருக்குன்னு எடையில கழிப்பாங்க. வயக்காரன் முணுமுணுப்பான், தவுக்கேயைத் திட்டுவான், அப்புறம் சோத்தைத் தின்னுட்டுத் தூங்கிருவான். கழிச்சது நெல்லைத்தானே, அவனையா கழிச்சாங்க? உன் கதை அப்படி இல்ல. வீடு பாக்க வந்தவன் அடுக்களைச் சுவர்ல ஈரம் இருக்கு, இன்னும் 5,000 வெள்ளி கொறைன்னு சொன்னா, உன் பொண்டாட்டி சமையலைக் கொறை சொன்ன மாதிரி கொதிக்கிற.

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. எந்த அடுக்களைச் சுவர்லடா ஈரம் இல்ல? குடி, தே தாரிக் ஆறுது.

கோலா சிலாங்கூர்ல புக்கிட் மெலாவத்தி மலைக்குப் போயிருக்கியா? அங்க ரெண்டு சாதிக் குரங்கு உண்டு. ஒண்ணு நீள வாலு மொரட்டுக் குரங்கு. பல்லைக் காட்டும், பையைப் பிடுங்கும், ஓடிரும். இன்னொண்ணு லுத்தோங். உடம்பெல்லாம் சாம்பலும் வெள்ளியுமா இருக்கும், குட்டி மட்டும் தங்கத்துல பண்ணுன மாதிரி இருக்கும். வெள்ளிக் குரங்குன்னே சொல்லுவோம். நீ பயத்தங்காயை உள்ளங்கையில மூடி வச்சிருந்தா அது பிடுங்காது. பக்கத்துல வந்து உக்காரும். உன் கையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கும். சுண்டு விரலை மெல்லப் பிரிக்கும், அப்புறம் அடுத்த விரலை. பஞ்சு மாதிரி கை. நீ "அட, என்னா பண்பு!"ன்னு சிரிச்சுக்கிட்டு இருப்ப. கட்டை விரல் பிரியறப்பதான் காய் போனது தெரியும்.

விலை பேசறவனும் அதே ரெண்டு சாதிதான். மேசையைத் தட்டிக் கத்தறவனைப் பத்திக் கவலைப்படாதே. அவனைக் கண்டதும் நீயே கையை இறுக்கிக்குவ. "உக்காருங்க அண்ணே, சாப்டீங்களா, பிள்ளைங்க நல்லா இருக்கா"ன்னு வர்றவன்கிட்டதான் சூதானம் வேணும்.

அது கெடக்கட்டும், நீ சாப்டியா? சாப்பிடலயா! கடைக்காரரே, பையனுக்கு ஒரு ரொட்டி சானாய் போடுங்க. பிள்ளைங்க நல்லா இருக்கா? நல்லது. சும்மா கேக்கறேன், நீ என்னா விலை சொல்லியிருக்க? 2 லட்சத்து 65 ஆயிரமா. அவன் கேக்கறது? 2 லட்சத்து 50 ஆயிரம். மனசுக்குள்ள எதுவரைக்கும் எறங்குவ? 2 லட்சத்து 55 ஆயிரம். ம். சரி. தொட்டுக்கப் பருப்புக் குழம்பு ஊத்தச் சொல்லவா?

இப்ப விரலைக் கணக்குப் பண்ணுவோம், கையை நீட்டு.

சுண்டு விரல்தான் உன் அவசரம். "எப்பண்ணே புது வீட்டுக்குப் போறீங்க?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பான். நீயும் பெருமையா, "மாசக் கடைசிக்குள்ள அங்க டெபாசிட் கட்டணும்"னு சொல்லுவ. அவன் அப்பவே எந்திரிச்சுப் போயிருவான். ஏன் இருக்கணும்? மாசக் கடைசிக்குப் போன் அடிச்சா நீயே எறங்கி வருவ.

மோதிர விரல் உன் சம்சாரம். நீ வாங்கப் போன வீட்டுல, ஓனரு பக்கத்துல நிக்க, "ஏங்க, இந்த மூலையில சாமி மேடை வச்சா எவ்வளவு லட்சணமா இருக்கும்!"னு சொல்லிச்சா இல்லையா? தலையைக் குனியாதே. முருகனுக்கு மூலை காட்டுன அந்த நிமிஷம் விலையில 10,000 ஏறிருச்சு. அடுத்த வாட்டி ரெண்டு பேரும் வாசல்லயே பேசி வச்சுக்குங்க. உள்ள போனா உதட்டைப் பிதுக்கணும். சாமியை அப்புறமா சமாதானப்படுத்திக்கலாம்.

நடு விரல் ஆசை. நெட்டையா இருக்கும், எட்டாததைக் காட்டும். "மேற்குக் கரை நெடுஞ்சாலை பக்கத்துலயே வருதுண்ணே, ரெண்டு வருஷத்துல விலை எங்கயோ போயிரும்"னு தரகன் சொல்லுவான். சாலை வரட்டும், நல்லதுதான். ஆனா அந்தச் சாலைக்கு நீ வீட்டு விலையிலயும் காசு குடுத்து, அப்புறம் ஏறும்போது டோலும் குடுக்கப் போறியா? இன்னிக்கு இருக்கற வீட்டுக்கு இன்னிக்கு விலை குடு. வரப்போறதுக்கு வந்தப்புறம் குடுக்கலாம்.

ஆள்காட்டி விரல் கொறை காட்ட. இதை மட்டும் நீயே நீட்டணும், எவனும் உனக்காக நீட்ட மாட்டான். வெயில் நாள்ல வீடு பாக்கறவன் பாதி வீட்டைத்தான் பாக்கறான். நல்ல மழையில ஒரு தடவை போ. கடலோர ஊரு, பெரிய அலை ஏர்ற நாள்ல வாய்க்கா தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு. பொழுது சாய்றப்ப ஒரு தடவை போ. பக்கத்துல பறவைக்கூட்டுக் கட்டடம் இருந்தா ஒலிபெருக்கி வச்சுக் குருவிச் சத்தம் போடுவான். குருவி கூடு கட்டுதோ இல்லையோ, உன் தூக்கம் பறந்துரும்.

புதுசாச் சாயம் அடிச்ச சுவரைப் பார்த்தா கையை வச்சுத் தடவிப் பாரு. நானும் பால்மரம் வெட்டுன காலத்துல வாளியில ரெண்டு கொவளை தண்ணி ஊத்தி எடை ஏத்துனவன்தான். கிராணி மெட்ரோலாக்கை எடுத்துப் பால்ல விடுவாரு. அது மெதந்து நிக்கற உயரத்துலயே பாலு எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு சொல்லிரும். என் மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டாரு. வீட்டுக்கும் ஒரு மெட்ரோலாக் இருக்கு, நில அலுவலகம். சபாக் பெர்ணம் மாவட்டத்துக்குச் சுங்கை பெசாருக்குப் போகணும், கோலா சிலாங்கூர் மாவட்டத்துக்குக் கோலா சிலாங்கூர்லயே இருக்கு. கிராண்ட்டை, அதான் நிலப் பட்டாவை, தேடிப் பாக்கச் சொல்லு. நிலம் யாரு பேர்ல இருக்கு? 99 வருஷக் குத்தகையா, நிரந்தர நிலமா? கட்டட நிலமா, விவசாய நிலமா? மலாய் ஒதுக்கீட்டு நிலமா? யாராவது தடை போட்டு வச்சிருக்கானா? ஓனரு முகம் எவ்வளவு லட்சணமா இருந்தாலும் கிராண்ட் அதைப் பாக்காது.

கட்டை விரல் கைநாட்டு. நீ எம்.ஏ. படிச்சிருக்கலாம், ஆனா ஒப்பந்தத்தைப் படிக்காமக் கையெழுத்துப் போட்டா அதுவும் கைநாட்டுதான். முதல்ல புக்கிங் பணம்னு 2 இல்லாட்டி 3 விழுக்காடு கேப்பாங்க. அப்புறம் ஒப்பந்தம் போடறப்ப மொத்தம் 10 விழுக்காடு ஆக்கணும். புக்கிங் தாள்லயே, பேங்க் கடன் தரலன்னா பணம் திரும்பணும்னு ஒரு வரி எழுத வச்சுக்க. இல்லாட்டி பேங்க் கையை விரிக்கும், அவன் பையை மூடுவான். காசைத் தரகன் சொந்தக் கணக்குல போடாதே. கம்பெனியோட வாடிக்கையாளர் கணக்கு, இல்லாட்டி வக்கீல் கணக்கு. தரகன் கழுத்துல பதிவு எண் போட்ட அட்டை தொங்குதான்னு பாரு. தங்கச் சங்கிலி தொங்கறதைப் பாக்காதே.

விக்கிற வீட்டுக்கு எங்க கோட்டை விடுவன்னு சொல்றேன். மிச்சப் பணம் வர்றதுக்கு வழக்கமா மூணு மாசம், தாண்டுனா ஒரு மாசம் கூட. அந்தக் கூடுதல் மாசத்துக்கு வட்டி உண்டு, பெரும்பாலும் ஆண்டுக்கு 8 விழுக்காடு, நாள் கணக்குல. இங்க வர்ற காசை நம்பி அங்க முதல்லயே கையெழுத்துப் போட்டா, அவன் தாமதத்துக்கு நீ வட்டி கட்டுவ. வித்த கையெழுத்து காயட்டும், அப்புறம் வாங்குற கையெழுத்து போடு. அப்புறம் சொத்து லாப வரி. வாங்குன மூணு வருஷத்துக்குள்ள வித்தா லாபத்துல 30 விழுக்காடு, நாலாவது வருஷம் 20, அஞ்சாவது 15, ஆறாவது வருஷத்துலருந்து நம்ம குடிமகனுக்குக் கிடையாது. குடியிருந்த வீட்டுக்கு ஆயுசுல ஒரு தடவை விலக்கு கேக்கலாம். அதை இப்பயே செலவழிக்கணுமா, இன்னொரு நாளைக்கு வச்சுக்கணுமான்னு வக்கீலைக் கேளு. என்னைக் கேக்காதே, நான் ஆறாம் வகுப்பு.

அப்ப உன் தூக்கத்தைக் கெடுக்கற அந்த 5,000 வெள்ளிக்கு வருவோம். வாங்குறவன் அதைப் பேங்க்ல 35 வருஷக் கடனா, 4 விழுக்காட்டு வட்டிக்கு எடுத்தா, மாசம் 22 வெள்ளிதான். நீ இங்க ஒரு வாரம் குடிக்கிற தே தாரிக். அவன்கிட்ட இதைச் சொல்லு, "22 வெள்ளிக்கா அண்ணே சண்டை?"ன்னு கேளு. ஆனா நீ வாங்கப் போற வீட்டுக்காரன் உன்கிட்ட இதையே சொன்னா, 35 வருஷத்துல அது கிட்டத்தட்ட 9,300 வெள்ளி ஆகுதுன்னு நீ சொல்லணும். ஒரே காசுதான் தம்பி. விக்கறப்ப மாசக் கணக்கு, வாங்கறப்ப மொத்தக் கணக்கு. ரெண்டுமே பொய் இல்ல, அதான் இதுல அழகு.

சிரிச்சியா, நல்லது. இப்ப ஒண்ணு சொல்றேன், சிரிக்காமக் கேளு.

நான் பொறந்தது லயத்து வீட்டுல. பலகைச் சுவரு, பக்கத்து வீட்டுல வெங்காயம் தாளிச்சா எங்க வீட்டுல கண்ணு எரியும். வாடகை கிடையாது, விலையும் கிடையாது. வேலை இருக்கற வரைக்கும் வீடு. வெள்ளைக்காரக் கம்பெனிங்க தோட்டத்தை வித்துட்டுக் கப்பல் ஏறுன காலம். வாங்குனவன் துண்டு துண்டா வெட்டி வித்தான். 1951-லருந்து 1960 வரைக்கும் நடந்த அந்தத் துண்டாடலைப் பத்திப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஒரு பெரிய ஆய்வே எழுதினாரு. அந்த வியாபாரத்துல எத்தனை வக்கீல், எத்தனை தரகன், எத்தனை பேரம்! எல்லாரும் விலை பேசினாங்க. லயத்துல இருந்தவனை மட்டும் ஒருத்தனும் பேச்சுக்குக் கூப்பிடல. மரத்துக்கு விலை இருந்துச்சு, நிலத்துக்கு விலை இருந்துச்சு. அவனுக்குக் காலி பண்ணச் சொல்லி ஒரு காகிதம் வந்துச்சு.

1960-ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமாப் போயி, மாசம் 10 வெள்ளி குடுங்க, நாமளே தோட்டம் வாங்குவோம்னாரு. எனக்கு அப்பப் பதினெட்டு வயசு. எங்கப்பா கள்ளுக்கடைக்குப் போறதை நிறுத்திட்டுக் குடுத்தாரு. நிறுத்தலன்னு எங்கம்மா சொல்லும், அது வேற வழக்கு. அடுத்த வருஷமே சங்கம் கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிருச்சு. கெடா எங்க, நாங்க எங்க? அந்தத் தோட்டத்தை எங்கப்பா கண்ணால பாத்ததில்ல. ஆனா அன்னிக்குச் சாயங்காலம் திண்ணையில கால்மேல கால் போட்டு உக்காந்து, "விலை கொஞ்சம் அதிகமாக் குடுத்துட்டாங்களோ"ன்னாரு. தம்பி, அவரு வாழ்க்கையில விலையைப் பத்திக் கவலைப்பட்டது அன்னிக்குத்தான். அந்தக் கவலையில எவ்வளவு சந்தோசம்கிறே!

அதனால உனக்குத் தூக்கம் வரலன்னா, ஒரு ராத்திரி வராமத்தான் இருக்கட்டுமே. உன் கதவைத் தட்டிட்டு ஒருத்தன் விலை கேக்கறான். எங்க லயத்துக் கதவை எவனும் அப்படித் தட்டுனதில்ல.

சரி, ரொட்டியை முடி. ஒரு விசயம். கடைசி விலையை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்ல மறந்துட்டேன். நீயும் தே தாரிக் ஆறுறதுக்குள்ள சொல்லிட்ட. எந்த விரல்லருந்து ஆரம்பிச்சேன்னு யோசிச்சுப் பாரு. "சாப்டியா, பிள்ளைங்க நல்லா இருக்கா"ன்னு கேட்டேன்ல?

பதறாதே, உக்காரு! உன் அடுக்களைச் சுவர்ல ஈரம் கண்டுபிடிச்சவன் என் மக வயித்துப் பேரன். நேத்து இதே நாற்காலியில உக்காந்து, இதே ரொட்டியைத் தின்னுக்கிட்டு, எதுவரைக்கும் ஏறுவேன்னு அவனும் ஒளறிட்டான். அந்தத் தொகையை நான் உனக்குச் சொல்ல மாட்டேன், உன் தொகையை அவனுக்கும் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். அவன் ஏர்ற படி, நீ எறங்குற படிக்கு மேலதான் இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தாண்டிப் போயி ரெண்டு வாரம் ஆச்சு. இல்லாத பள்ளத்துக்கு இந்தக் கரையில நீ தூங்கல, அந்தக் கரையில அவன் தூங்கல. வயசான காலத்துல நான் ரெண்டு பேரு ரொட்டிக்கும் காவல்.

இன்னிக்குச் சாயங்காலம் அவனை இங்க வரச் சொல்றேன், நீயும் வா. போனை ரெண்டு பேரும் வீட்டுல வச்சுட்டு வாங்க. விலையை நீங்களே பேசிக்குங்க, நான் வயலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

கமிஷனா? சேச்சே. பதிவு இல்லாதவன் கமிஷன் வாங்கறது சட்டப்படி குத்தம்டா. ஆனா தே தாரிக் ரெண்டு, ரொட்டி ஒண்ணு, எனக்கு நாசி லெமாக் ஒண்ணு. கையை ஏன் இறுக்கி மூடற? குடு, நான் மெதுவாப் பிரிக்கிறேன்.