சூரியனை நினைத்துப் பார்த்த ஒரே பொருள்

சென்னையில் கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டிய அலுவலகங்களில் எனக்கு மிகவும் பிடித்த பொருள், அந்தக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சன் கண்ட்ரோல் பிலிம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத பாலியெஸ்டர் தாள் அது. பளிங்குத் தரை, பத்து மாடி உயர முகப்பு, கண்ணாடி லிஃப்ட் எல்லாம் இருக்கும் கட்டடத்தில், இந்த ஊரில் வெயில் அடிக்கும் என்பதை மனதில் வைத்து ஏதாவது செய்கிற பொருள் அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்துக் குளிர்நாட்டு நகரம் ஒன்றில் வைத்தால் அங்கே இன்னும் நன்றாகப் பொருந்தும். பிலிம் மட்டும்தான் நம் ஊர்க்காரர்.

அது செய்கிற வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மரியாதை கூடும். சாதாரண 6 மில்லிமீட்டர் கண்ணாடி, தன்மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் ஏறக்குறைய 82 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். கோடைப் பிற்பகலில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டர்மேல் 600 வாட் வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 சதுர மீட்டர் கண்ணாடி வழியாக 49 கிலோவாட் உள்ளே வரும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3.5 கிலோவாட். ஆக, அந்த ஒரு சுவர் அழைத்து வந்த வெயிலை வெளியே அனுப்ப மட்டும் 14 டன் ஏசி ஓட வேண்டும். ஆட்களும் கணினிகளும் விளக்குகளும் தரும் வெப்பம் தனிக்கணக்கு. நல்ல பிலிம் ஒட்டினால் அந்த 82 சதவீதம் 40க்கு இறங்கும்; 14 டன், 7 டன் ஆகும். ஏழு டன் ஏசிக்கு ஒரு தாள் ஓய்வு கொடுத்துவிடுகிறது. மீதி ஏழு டன்னுக்குப் பிலிம் பொறுப்பல்ல. அது அந்த முகப்பு கேட்டு வாங்கியது.

ஏசியின் மீட்டர் 24 டிகிரி என்று காட்டும்போதும் கண்ணாடி ஓரத்து இருக்கையில் தோள் எரியும். மீட்டர் அளப்பது காற்றை; தோள்மேல் விழுவது நேர் வெயிலும் காய்ந்த கண்ணாடியின் அனலும். அந்த வரிசைக்காக ஏசியைக் கூட்டினால் நடுக்கூடத்தில் இருப்பவர்கள் சால்வை போர்த்திக்கொள்கிறார்கள். ஒரே தளத்தில் ஒரு வரிசைக்கு மே மாதம், நாலு வரிசை தள்ளி ஊட்டி. பிலிம் வருவதற்கு முன்பு ஓர வரிசைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்திருப்பார்கள். சார்ட் பேப்பர், பழைய நாளிதழ், தெர்மாகோல் பலகை, அட்டைப்பெட்டியின் பிரித்த பக்கம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் செலோடேப் போட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். கணினித் திரையில் எழுத்தே தெரியாத அளவுக்குக் கூசும்போது ஆளுக்கு அழகு பார்க்க நேரம் இருக்காது. கோடிக்கணக்கில் செலவழித்து எழுப்பிய முகப்பை அங்கே வேலை பார்ப்பவர்களே அட்டை வைத்து மறைக்க வேண்டியிருந்தது. அந்த அட்டைகளைக் கௌரவமாக இறக்கிவைக்க வழி செய்தது பிலிம்.

ஒட்ட வருகிறவர்களின் வேலையை நின்று பார்த்திருக்கிறேன். கட்டியவர்கள் விட்டுப்போன சிமெண்ட் துளியையும் பெயிண்ட் புள்ளியையும் முதலில் பிளேடால் சுரண்டி எடுக்கிறார்கள். தண்ணீரில் சில சொட்டு ஷாம்பூ கலந்து கண்ணாடி முழுவதும் பீய்ச்சுகிறார்கள். ஒருவர் பிலிமின் மூலையில் டேப் ஒட்டிப் பின்தாளை உரிக்க, இன்னொருவர் உரிய உரிய பசைப்பக்கத்தை நனைத்துக்கொண்டே வருகிறார். இரண்டு பேரும் தாளைத் தூக்கிக் கண்ணாடியில் சாத்தி, நழுவ விட்டு நேராக்கி, ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். விளிம்பில் மயிரிழை அளவு இடைவெளி விட்டு வெட்டுகிறார்கள். சட்டத்தில் முட்டினால் பின்னால் உரிந்துவரும். மங்கலாக, தண்ணீர்க் குமிழோடு தெரியும்போது, "ஒரு மாசம் துடைக்காதீங்க சார், தண்ணி தானா வத்திடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் தளத்துக்குள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும்: "சார், மேற்கு எந்தப் பக்கம்?"

வரைபடம் போட்டவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும். அதனால் இங்கே வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. தெற்குச் சுவரைக் காப்பது எளிது. டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருப்பதால், ஒரு மீட்டர் உயர ஜன்னலுக்கு முக்கால் மீட்டர் சன்ஷேடு போதும். சங்கடம் கிழக்கிலும் மேற்கிலும்தான். மாலை நான்கு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 டிகிரிக்கு இறங்கிவிடும், ஐந்து மணிக்கு அதில் பாதி. அந்த வெயில் சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து கூடத்தின் நடுவரை வரும். மேற்கில் கண்ணாடியைக் குறைக்க வேண்டும், அல்லது வெளியே செங்குத்துப் பலகைகள் நிறுத்த வேண்டும். இது ஒன்றும் ரகசியம் அல்ல. கிராமத்துக் கொத்தனார் வீட்டுக்கு வானம் தோண்டும்போதே இதைக் கேட்டுக்கொள்வார்.

ஆனால் விற்பனைக்குக் காட்டும் படங்களைப் பாருங்கள். அவை அழகானவை, நான் மனதாரச் சொல்கிறேன். வானம் ஊதா நிறத்தில் இருக்கும், உள்ளே விளக்குகள் பொன்னிறமாக எரியும், கண்ணாடி வழியாக எல்லாத் தளமும் தெரியும். கண்ணாடிக் கட்டடம் மிக அழகாக இருக்கும் நேரம் அதுதான், மாலை ஆறரை. சூரியன் மறைந்து, ஊழியர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். அந்த அரைமணி நேரத்துக்காகக் கட்டிய கட்டடத்தில் மீதிப் பகலைத் தாங்கும் பொறுப்பைப் பிலிம் ஏற்றுக்கொள்கிறது.

கட்டடக்கலைக்கு அது செய்த இன்னொரு உபகாரத்தையும் சொல்ல வேண்டும். 1933 டிசம்பரில் பாரிஸில் சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்புக்காகக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிய சித்தே தெ ரெஃப்யூஜ் திறக்கப்பட்டது. வீடற்றவர்கள் தங்கும் இல்லம். தெற்குப் பார்த்த பெரிய கண்ணாடிச் சுவர். திறக்கிற ஜன்னல் கிடையாது. இரண்டடுக்குக் கண்ணாடியும் குளிரூட்டும் இயந்திரமும் திட்டத்தில் இருந்தன, செலவைக் குறைக்கக் கைவிடப்பட்டன. கோடை வந்ததும் உள்ளே இருந்தவர்கள் வெந்தார்கள். பிறகு திறக்கும் ஜன்னல்கள் வைக்க வேண்டியதாயிற்று. போரில் சேதமான முகப்பைப் பின்னாளில் பழுதுபார்த்தபோது வெளியே வெயில் தடுப்புப் பலகைகள் வந்தன. அதே மனிதர் 1954இல் அகமதாபாதில் மில் உரிமையாளர்கள் சங்கத்துக்குக் கட்டிய கட்டடத்தின் மேற்கு முகப்பில், ஆழமான கான்கிரீட் பலகைகளைச் சாய்வாக நிறுத்தினார். வெயில் வெளியிலேயே நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். 20 வருடத்தில் ஒரு பெரிய கலைஞர் தன் தவற்றிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்தார்.

அன்று சன் கண்ட்ரோல் பிலிம் கிடையாது. அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றது 1966இல். உலோக ஆவியை மெல்லிய பூச்சாகப் படிய வைத்த தாள், பசை, மேலே கீறல் படாத பூச்சு. பிறகு பீங்கான் துகள் கலந்ததும், வெளிச்சத்தை விட்டு அகச்சிவப்பை மட்டும் திருப்பும் பல அடுக்குத் தாள்களும் வந்தன. எல்லா நல்ல வகையும் புற ஊதாக் கதிரில் 99 சதவீதத்தைத் தடுத்துவிடும். அதனால் இப்போது எவரும் 20 வருடம் நடக்க வேண்டியதில்லை. சனி ஞாயிறு இரண்டு நாளில், வேலை தடைபடாமல், ஒரு தளம் முழுவதும் ஒட்டி முடித்துவிடலாம். தவறு செய்தவருக்கு அது தவறு என்று தெரிவதற்குள்ளேயே சரிசெய்துவிடும் பொருளை வேறு எந்தத் துறையிலும் நான் கண்டதில்லை. அடுத்த கட்டடமும் அதே முகப்போடு எழுகிறது.

பிலிம் வாங்கிக்கொள்ளும் பழியையும் பார்க்க வேண்டும். வெப்பத்தை உறிஞ்சும் வகைப் பிலிமைப் பொருத்தமில்லாத கண்ணாடியில் ஒட்டினால், நடுப்பகுதி காய்ந்து விரியும், சட்டத்துக்குள் மறைந்த ஓரம் குளிர்ந்தே இருக்கும், ஒரு பிற்பகலில் கண்ணாடி விளிம்பிலிருந்து விரிசல் விடும். உடனே பிலிம்காரருக்குத்தான் போன் போகும். கறுப்புப் பிலிம் ஒட்டிய தளம் இருண்டுபோய்ப் பகல் பதினொரு மணிக்கே எல்லா விளக்கும் எரிந்தால், "மட்டமான பிலிம்" என்பார்கள். வெளிச்சத்துக்காக என்று சொல்லித்தான் கண்ணாடிச் சுவர் எழுந்தது. வெளிச்சத்தைக் குறைத்துத்தான் அதை வாழத்தக்கதாக்க முடிந்தது. இப்போது வெளிச்சம் ட்யூப்லைட்டில் வருகிறது. இந்த வட்டத்தில் பிலிம் செய்த குற்றம் எது என்று எனக்குச் சொல்லுங்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் வகை, பகலில் வெளியாருக்கு உள்ளே தெரியாமல் மறைக்கும். இருட்டிய பிறகு உள்விளக்கு எரியும்போது நிலைமை தலைகீழாகி, உள்ளிருப்பவருக்குத் தன் முகமும் தெருவில் நிற்பவருக்கு உள்ளே நடப்பதெல்லாமும் தெரியும். அதற்கும் திட்டு பிலிமுக்கே.

திருப்பி அனுப்பிய வெயில் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். மேற்குப் பார்த்த பளபளப்பான கட்டடத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கம் இளநீர் விற்கிறவருக்குப் பிற்பகலில் இரண்டு சூரியன். ஒன்று மேற்கிலிருந்து முதுகில், இன்னொன்று கிழக்கேயுள்ள கட்டடத்திலிருந்து முகத்தில். அவருக்கு ஏசி இல்லை, பிலிமும் இல்லை. லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருவில் எழுந்த கட்டடத்தின் உட்குழிந்த கண்ணாடி முகப்பு, 2013இல் தெருவில் நிறுத்தியிருந்த ஜாகுவார் காரின் பாகங்களை வளைத்துவிட்டது. செய்தி உலகமெங்கும் போயிற்று, அடுத்த வருடம் முகப்பில் வெயில் தடுப்புப் பட்டைகள் பொருத்தினார்கள். இளநீர்க்காரரின் முகத்தில் விழும் வெயிலுக்கு அந்த அளவு செய்தி மதிப்பு கிடைக்கவில்லை. இதில் பிலிமுக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். வெயிலைத் திருப்பும் வேலையை அது கொடுத்தபடி செய்கிறது. யார் முகத்தில் திருப்புவது என்பதைத் தீர்மானித்தது சுவர்.

விதிகள் இல்லாமலும் இல்லை. வணிகக் கட்டடங்களுக்கான தேசிய எரிசக்திச் சிக்கன நெறி 2017இல் திருத்தப்பட்டபோது, ஒவ்வொரு வரம்பையும் அப்படியே கடைப்பிடிக்கும் நேரடி வழியைப் பின்பற்றும் கட்டடத்தின் சுவர்ப்பரப்பில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், வடக்கு தவிர்த்த திசைகளில் கண்ணாடி உள்ளே விடும் வெயில் வெப்பம் 27 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் வைத்தது. கட்டடம் முழுவதற்கும் சேர்த்துக் கணக்குக் காட்டித் தப்பிக்க இன்னொரு வழியையும் திறந்தே வைத்தது. அந்த வழியில் திறமையான ஏசி, திறமையான விளக்கு என்று ஈடுகட்டி, சுவரை முழுக்கக் கண்ணாடியாகவே நிறுத்த முடியும். தாளில் எல்லாம் சரியாக வரும். நல்ல இரட்டைக் கண்ணாடி போடுவதாக வரைபடத்தில் இருந்தது, செலவைக் குறைக்கும் கூட்டத்தில் சாதாரணக் கண்ணாடியாக மாறும்போது, "தேவைப்பட்டால் பின்னால் பிலிம் ஒட்டிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பிலிம் பொய்யாக்கியதே இல்லை.

பிலிமுக்கு ஆயுள் பத்துப் பதினைந்து வருடம். மலிவான வகைக்கு அதுவும் இல்லை. நிறம் வெளுத்து ஊதாவாகும், ஓரம் சுருளும், குமிழ் கிளம்பும். பழையதை உரித்து, பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்ட வேண்டும். கட்டடம் 50 வருடம் நின்றால் நான்கைந்து தடவை. சதுர அடிக்குச் சில பத்து ரூபாயிலிருந்து சில நூறு ரூபாய் வரை, ஒவ்வொரு தடவையும். கட்டியவர் விற்றுவிட்டுப் போயிருப்பார். கட்டணம் அங்கே வாடகைக்கு இருப்பவருடையது. உயர் நீதிமன்றத்தின் தாழ்வாரங்கள் 1892இலிருந்து அதே வெயிலைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை யாரும் உரித்து மாற்றியதில்லை.

திறப்பு விழாக் கல்வெட்டில் உரிமையாளர், வடிவமைப்பாளர், ஒப்பந்தக்காரர் பெயர்களோடு பிலிம் ஒட்டியவர்களின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அந்தக் கட்டடத்தை மனிதர்கள் உட்காரும்படி செய்தவர்கள் அவர்கள். அதைவிட நல்லது, அடுத்த கட்டடத்துக்கு வானம் தோண்டும் முன்பே அவர்களில் இரண்டு பேரை அழைத்து வந்து, ஒரு மே மாதப் பிற்பகலில் வெறும் மனையில் நிறுத்தி, எந்தப் பக்கத்துக்கு முதலில் பிலிம் கேட்பார்கள் என்று கேட்பது. அவர்கள் கை நீட்டும் பக்கத்தில் செங்கல் வைத்துக் கட்டலாம்.