தப்பும் தாமதமும்: ஒரு லயத்து ஆய்வு

ஹட்டனில் லயத்துக்கு இரண்டு பொருள்: ஒன்று தாளத்தோடு சேர்ந்தது, மற்றது தகரக்கூரை போட்ட வரிசை வீடு. பின்னது ஆங்கில ‘லைன்’ திரிந்த சொல் என்பர். அந்த விளக்கம் நம் ஆய்வுக்கு வசதிப்படாததால் ஒதுக்குகிறோம்.

களம்: பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறை, அதாவது காம்பரா. கருவிகள்: பழைய மடிகணினி, மியூஸ்ஸ்கோர் 3, யூ.எஸ்.பி. கீபோர்டு. காமன் கூத்துத் தப்படியை இசைக்குறியில் எழுத உட்கார்ந்தேன். கட்டையை அழுத்தினால் சத்தம் ஆற அமரப் பின்னால் வருகிறது. ஒலி டிரைவரின் வேலை. (டிரைவரை நாம் சாரதி என்போம். ‘ஒலிச் சாரதி’ என்று எழுதினேன். பொகவந்தலாவ பஸ் கண்முன் வந்தது, அழித்துவிட்டேன்.)

கணினி சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பாது. கொழுந்துக் கூடை நிறைந்த பிறகுதானே நிறுவைக்குப் போகிறோம்? அந்தக் கூடைதான் பஃபர். விநாடிக்கு 44,100 மாதிரி என்றால், 1,024 கொள்ளும் கூடை நிறைய 23 மில்லி விநாடி. அதற்குள் சத்தம் காற்றில் எட்டு மீற்றர் போய்விடும். காம்பரா அகலம் பத்தடி. ஆக, இரண்டரைக் காம்பரா தள்ளி யாரோ அடிப்பது போலிருக்கும். எனவே தாமதத்துக்கு அலகு முன்மொழிகிறேன்: 1 காம்பரா = 9 மில்லி விநாடி.

சத்தத்தை அனுப்பும் டிரைவர் வழிகளில், விண்டோஸின் பழைய எம்.எம்.இ. லயத்தின் கோடி வீடு. விஸ்டாவோடு வந்த வசாபி கிட்டத்து வீடு. ஸ்டைன்பெர்க் 1997இல் கொண்டுவந்த ஏசியோ, விண்டோஸின் ஒலிக்கலவையை ஒதுக்கி நேரே சவுண்ட் கார்டோடு பேசும். அதை ஏற்கும் மென்பொருளுக்குச் சத்தம் வீட்டுக்குள்ளேயே. பேராசைப்பட்டுக் கூடையை 64க்குச் சுருக்கினேன். மடிகணினி மூச்சிரைத்தது, தகரத்தில் ஆனி மழை விழுந்த மாதிரி ஒரே படபடப்பு. 256இல் அடங்கியது.

அப்படியும் தாமதம் போகவில்லை. மூன்று இரவு கழித்துத்தான் புளூடூத் ஸ்பீக்கர் கண்ணில் பட்டது. அதுமட்டும் 200 மில்லி விநாடி தின்றால் இருபத்திரண்டு காம்பரா, அடுத்த லயமே வந்துவிடும். அதை விட்டு வயர் ஹெட்ஃபோனைச் செருகியதுதான் இவ்வாய்வின் ஒரே கண்டுபிடிப்பு.

முடிவைச் சரிபார்க்க, அந்தக் காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் திரட்ட, தப்படித்த தாத்தா ஒருவரை அழைத்தேன். (பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்.) ஹெட்ஃபோனை மாட்டி, கட்டையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“தம்பி, இப்பவும் பெரட்டுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் வருது. அரைப்பேர் போடுங்க.”