பேஸ்மென்ட் பெருமான்

சிகாகோவின் புறநகர்களில் இவரைத் தேட வேண்டியதில்லை. பனிக்காலத்தில் எந்த வீட்டுக் கார் வெளியே நனைந்துகொண்டு நிற்கிறதோ, அந்த வீட்டுக்காரர்தான். கராஜுக்குள் பின்பால் மெஷின் நிற்கிறது. பேஸ்மென்டில் இடமில்லை; அங்கே ஏற்கெனவே ஏழு.

பின்பால் என்றால் தெரியுமல்லவா? சரிந்த பலகையில் இரும்புக் குண்டு உருண்டு வரும்; கீழே குழியில் விழாமல் ஃப்ளிப்பரால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் எடை. இது சூதாட்டம் என்று 1942-ல் நியூயார்க் மேயர் லாகார்டியா மெஷின்களைப் பிடித்துச் சம்மட்டியால் உடைத்தார். அந்தப் பழைய படத்தைக் காட்டும்போது நம் பெருமானுக்குக் கண் கலங்கிவிடும். "இன்னிக்கு இருந்தா என்ன விலை போயிருக்கும்!"

அவர் மெஷின் வாங்கப் போகும் அழகே தனி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தை மாதிரி, வந்ததும் வராததுமாகக் குறை தேடுவார். தலைப்பெட்டியைத் திறந்து டார்ச் அடிப்பார். பழைய பேட்டரி கசிந்து, சர்க்யூட் போர்டின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். நாக்கால் 'த்சு' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த 'த்சு'வுக்கு ஐந்நூறு டாலர் குறையும்.

1992-ல் பாலி கம்பெனி போட்ட 'ஆடம்ஸ் ஃபேமிலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து குண்டைக் காந்தத்தால் தூக்கிக்கொண்டு போகும். பார்த்தால் நமக்கே வாங்கத் தோன்றும். மொத்தம் 20,270 மெஷின். வாங்கும்போது பெருமான் சொல்வது: "இருபதாயிரத்துக்கு மேல செஞ்சு தள்ளியிருக்கான், தெருவுக்குத் தெரு கிடக்குது, இதுக்கா இந்த விலை?" விற்கும்போது: "இருபதாயிரம் பேர் போட்டி போட்டு வாங்கின மெஷின் சார். சும்மாவா?"

விளம்பரத்தில் 'ஹோம் யூஸ் ஒன்லி' என்று போடுவார். பொய்யில்லை. பத்து வருஷம் ஏதோ பாரில் கிடந்து, கேபினட்டில் சிகரெட் சுட்ட வடுவோடு வந்ததுதான். இவர் வீட்டுக்கு வந்த பிறகு ஹோம் யூஸ்தானே?

விலைவாசி பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஆட ஆளில்லை, கட்டுப்படியாகவில்லை என்று 1999-ல் வில்லியம்ஸ் கம்பெனி பின்பாலுக்கே கும்பிடு போட்டது. அந்தக் காலத்தில் அடிமாட்டு விலைக்கு அள்ளியவர் இவர். பிறகு கொரோனா வந்தது. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் பேஸ்மென்டைப் பார்த்தார்கள்; விலை எகிறியது. 2023 வாக்கில் ஸ்டெர்ன் கம்பெனியின் சாதா புது மெஷினே 6,999 டாலர். 'லிமிடெட் எடிஷன்' 12,999. புதுசு ஏறினால் பழசு சும்மா இருக்குமா? "ஏழைபாழைங்க ஆடின ஆட்டம், பணக்காரன் கைக்குப் போயிடுச்சே" என்று பெருமூச்சு விடுவார். விட்ட கையோடு தன் விளம்பரத்தில் ஓர் ஆயிரத்தைக் கூட்டிவிட்டுப் படுப்பார்.

ஒன்றை விற்றுக் கூரையைப் பழுது பார்க்கலாமே என்பது அவர் மனைவியின் நெடுநாள் மனு. விலை ஏறும்போது "இன்னும் ஏறும்" என்பார், இறங்கினால், "இறங்கினப்போ எவனாவது விப்பானா?" கூரை ஒழுகிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, மெஷின் மேல் இல்லை.

கடைசியில் ஒரு நாள் ஒரு பையன் வந்தான். டார்ச் இல்லை, 'த்சு' இல்லை. சொன்ன விலையை அப்படியே எண்ணி வைத்துவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பெருமானுக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. பேரமே பேசலையே! குறைச்சுச் சொல்லிட்டோமோ?

மூன்றாம் நாள் ஃபோன் போட்டு, திருப்பிக் கொடுக்கிற எண்ணம் உண்டா என்று நைசாகக் கேட்டார். பையன் ஒரு தொகை சொன்னான்.

"வழிப்பறி!" என்று அலறினார்.

"மார்க்கெட் விலை சார்" என்றான் பையன்.